அல்சூரின் பழைய தெருக்களுக்கு நான்கு யோசனைகள்: எதை முதலில் கேட்பது?

பெங்களூரின் அல்சூரில் நடப்பதற்கு வழியும் வேண்டும், பழைய ஊரின் அடையாளமும் அழியக் கூடாது என்று குடியிருப்போரும் கடைக்காரர்களும் கூடிப் பேசினால், பெரும்பாலும் நான்கு யோசனைகளில் ஒன்றுக்குத்தான் வந்து சேருகிறார்கள். ஒன்று, ரெசிடென்சி சாலை, செயின்ட் மார்க்ஸ் சாலை போலத் தெருவை முழுதாகத் தோண்டி, குழாயும் கேபிளும் அடியில் போட்டு, அகலமான நடைபாதையோடு புதிதாகக் கட்டுவது. இரண்டு, பஜார் தெருவில் குறிப்பிட்ட நேரத்துக்கு வண்டிகளைத் தடுத்துவிடுவது. மூன்று, சோமேசுவரர் கோயில், அதன் கல்யாணி என்னும் படிக்குளம், ஏரி, பழைய வீடுகள் இவற்றை இணைத்துத் தகவல் பலகைகளோடு ஒரு மரபு நடைப்பாதை அமைப்பது. நான்கு, பெரிய திட்டம் எதுவும் இல்லாமல், மெட்ரோ நிலையத்திலிருந்து ஏரிவரை ஒரே ஒரு வழியில் உள்ள உடைப்புகளையும் தடைகளையும் வரிசையாகச் சரிசெய்வது.

படத்தில் மிக அழகாகத் தெரிவது முதல் யோசனை. பத்திரிகையில் இடம் பிடிப்பது இரண்டாவது. எல்லோரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொள்வது மூன்றாவது. ஆனால் முதலில் கேட்க வேண்டியது நான்காவது என்பது எங்கள் முடிவு. பழைய பேட்டைகளில் நடையையும் மரபையும் ஒருசேரத் தீர்மானிப்பது தரை மட்டம். அதை முதலில் பிடிக்காமல் செய்யும் மற்ற எந்த வேலையும் சில மழைக்காலங்களில் கெட்டுப்போகும்.

தரை மட்டம் ஏன் முதல் கேள்வி

தார்ச் சாலையை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே 30 முதல் 40 மி.மீ. கனத்துக்குப் போடுகிறார்கள். நான்கு முறை போட்டால் 160 மி.மீ. வரை ஏறிவிடும். அது ஒரு படியின் உயரம். கான்கிரீட் மேல்தளம் போட்டால் ஒரே தடவையில் அவ்வளவு உயரும். தெரு உயர உயர, பக்கத்திலுள்ள பழைய வீட்டின் வாசல் பள்ளமாகிறது. வீட்டிலிருந்து தெருவுக்கு ஓடிய மழைநீர் தெருவிலிருந்து வீட்டுக்குள் ஓடத் தொடங்குகிறது.

இதற்குப் பிறகு நடப்பதைத்தான் பலர் மரபோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரின் கடைக்காலில் தண்ணீர் நின்றால் ஓதம் ஏறுகிறது. பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறது. வீட்டுக்காரர் சிமெண்ட் பூச்சுப் போடுகிறார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும் தன்மையுடையது. சிமெண்ட் அதை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளுக்குள்ளேயே மேலேறி, மெட்ராஸ் தளம் என்னும் செங்கல்-மரக் கூரையின் உத்திரங்கள் சுவரில் பதியும் முனையைத் தொடுகிறது. உத்திரம் உளுத்தால் கூரை போயிற்று. கூரை போனால் வீட்டை இடித்துவிட்டு நான்கு மாடி எழுப்புவதைத் தவிர வழியில்லை என்று குடும்பம் முடிவு செய்கிறது. ஒரு பழைய வீடு அழிவதற்குப் பணத்தாசைதான் காரணம் என்று நினைக்கிறோம். பல இடங்களில் தொடக்கம் தெருவின் உயரம்.

நடப்பவருக்கும் அதே உயரம்தான் எதிரி. தண்ணீர் வீட்டுக்குள் வராமலிருக்க ஒவ்வொருவரும் தத்தம் வாசலில் ஒரு மேடு கட்டுகிறார்கள். வண்டி ஏற்ற ஒரு சரிவு, கடைக்கு இரண்டு படி. நடைபாதை பத்தடிக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. வயதானவர்கள் அதை விட்டுவிட்டு வண்டிகளுக்கு நடுவே இறங்கி நடக்கிறார்கள்.

ஆகவே எந்த யோசனையை எடுத்தாலும், விண்ணப்பத்தின் முதல் நிபந்தனையாக எழுத வேண்டியது இது: பழைய தாரை இயந்திரத்தால் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தளம், தெருவின் முடிவு மட்டம் எந்த வீட்டு வாசலையும் விட உயரக் கூடாது. வாசல் மட்டங்களை முன்கூட்டியே அளந்து ஆவணமாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார்கள் பயன்படுத்தும் மட்டக்குழாயும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும். இடம் மாறாத ஒரு கல்லை அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு வாசலும் அதைவிட எத்தனை மி.மீ. மேலே அல்லது கீழே என்று எழுதுங்கள். ஒப்பந்ததாரர் வேலையை முடித்ததும் அதே கல்லிலிருந்து மறுபடி அளக்கலாம்.

முழுதாகத் தோண்டிக் கட்டுவது

2015 வாக்கில் நகர மையத்தில் டெண்டர்ஷ்யூர் என்ற பெயரில் சீரமைத்த சாலைகளைப் பார்த்தவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். அந்த முறையின் தர்க்கம் எளிமையானது. சாலை இடத்துக்கு இடம் விரிந்தும் சுருங்கியும் இருந்தால் வண்டிகள் வேகமாகப் போவதில்லை, குறுகலான இடத்தில் முட்டிக்கொள்கின்றன. ஆகவே வண்டி ஓடும் அகலத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவாக வைத்து, மிஞ்சும் இடம் முழுவதையும் நடைபாதைக்குக் கொடுக்கிறார்கள். குடிநீர், கழிவுநீர், மின்சாரம், கேபிள் எல்லாம் நடைபாதைக்கு அடியில் தனித்தனி வழியில், திறந்து பார்க்கும் அறைகளோடு போகின்றன. பிறகு கேபிள்காரர் தெருவைத் தோண்ட வேண்டியதில்லை.

பழைய மெட்ராஸ் சாலைக்கு, அதாவது மெட்ரோ தூண்கள் ஓடும் பெரிய சாலைக்கு, இந்த முறை பொருந்தும். அங்கே அகலம் இருக்கிறது. பஜார் தெருவுக்கும் அதன் கிளைகளுக்கும் பொருந்தாது. காரணம் மண்ணுக்கடியில் இருக்கிறது. குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் கிடைமட்டத்தில் 3 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது பொறியியல் விதி. முடியாத இடத்தில் குடிநீர்க் குழாய் கழிவுநீர்க் குழாய்க்கு மேலே போதிய உயரத்தில் போக வேண்டும். ஆறேழு மீட்டர் அகலமுள்ள ஒரு தெருவில் இரண்டு பக்கமும் மழைநீர்க் கால்வாய், நடுவில் இந்த இரண்டு குழாய்கள், மின் கேபிள், இணையக் கேபிள், ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இணைப்பு என்று போட்டால் வரைபடத்திலேயே இடம் போதாது.

அதைவிடப் பெரிய ஆபத்து பழைய வீடுகளின் கடைக்கால். அந்தக் காலக் கருங்கல் கடைக்கால்கள் ஆழம் குறைந்தவை. மண் அல்லது சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. அவற்றை ஒட்டி ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு நீளமாகப் பள்ளம் தோண்டி இரண்டு வாரம் திறந்து போட்டால், இடையில் ஒரு மழை வந்தால் போதும், மண் சரிந்து சுவரில் சாய்வான வெடிப்பு விழும். தோண்டியே ஆக வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஐந்தாறு மீட்டர் நீளம்தான், பக்கவாட்டில் பலகை முட்டு கொடுத்து, குழாயை இறக்கி, மண்ணை அடுக்கடுக்காக இடித்து மூடிய பிறகே அடுத்த துண்டு. இதை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள், ஏனென்றால் வேலை பல மடங்கு நீளும். தோண்டுவதற்கு முன்பே 30 மீட்டருக்கு ஒன்றாவது ஆய்வுக்குழி போட்டுப் பார்ப்பதும் கட்டாயம். ஆங்கிலேயர் ராணுவக் குடியிருப்பான கன்டோன்மென்ட் காலத்திலிருந்து போட்ட குழாய்கள் வரைபடத்தில் சொன்ன இடத்தில் இருப்பது அபூர்வம்.

தரைக்கல் பற்றி ஒரு வார்த்தை. சர்ச் தெரு 2018-இல் கல் பதித்துத் திறக்கப்பட்டதிலிருந்து, மரபுத் தெரு என்றாலே சின்னச் சின்னக் கருங்கல் பதிக்க வேண்டும் என்ற எண்ணம் பரவிவிட்டது. கமர்ஷியல் தெருவில் புதுப்பித்த தளத்தை வேலை முடிந்த கொஞ்ச காலத்திலேயே மீண்டும் பெயர்த்துச் செய்ய வேண்டி வந்தது. கல்லில் பிழையில்லை, அடியில் உள்ள அடுக்குகளில்தான் பிழை நேர்கிறது. பதிக்கும் கல்லுக்குக் கீழே நன்றாக இடித்த ஜல்லிப் படுகை, அதன்மேல் 20 முதல் 40 மி.மீ. மணல், கற்களுக்கு இடையே 2 முதல் 4 மி.மீ. மணல் நிரப்பிய இடைவெளி, இரண்டு ஓரத்திலும் நகராத ஓரக்கல் இவை நான்கும் இருந்தால்தான் அது ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஓரக்கல் இல்லாவிட்டால் கற்கள் வெளிப்புறம் விலகும். மணல் படுகை கனமானால் டயர் பட்ட இடம் குழியும். ஆள் நடக்கும் இடத்துக்கு 60 மி.மீ. கனம் போதும். சரக்கு வண்டி ஏறும் இடத்துக்கு 80 மி.மீ. வேண்டும், ஏனென்றால் பஜாரில் விடியற்காலையில் சரக்கு வண்டி வராத தெரு கிடையாது. சக்கர நாற்காலிக்கும், மூட்டு வலியுள்ளவர்களுக்கும், வெறுங்காலோடு கோயிலைச் சுற்றி வருபவர்களுக்கும் கரடுமுரடான சிறு கல் தண்டனை. சாதரஹள்ளிக் கருங்கல்லைப் பெரிய பலகைகளாக, மேற்பரப்பைச் சொரசொரப்பாகக் கொத்திப் பதிப்பதே இந்த ஊரின் பழைய வழக்கம். நடக்கவும் அதுவே சுகம்.

பஜார் தெருவில் வண்டித் தடை

இந்த யோசனையின் பலம், தோற்றால் திரும்பப் பெறலாம் என்பது. ஒரு மாதம் வார இறுதி மாலைகளில் மட்டும் செய்து பார்த்து, சரிப்படாவிட்டால் விட்டுவிடலாம். தோண்டிய தெருவை அப்படி விட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, குறிப்பிட்ட சாலையில் வண்டிகளைத் தடுக்க அதிகாரம் தருகிறது. உத்தரவு போக்குவரத்துக் காவல்துறை வழியாக வர வேண்டும். மாநகராட்சி மட்டும் தீர்மானித்தால் செல்லாது.

2020 நவம்பரில் தொடங்கி சில மாதங்கள் சர்ச் தெருவில் வார இறுதிகளில் வண்டியில்லாமல் நடத்திப் பார்த்தார்கள். கூட்டம் வந்தது. ஆனால் சர்ச் தெரு உணவகமும் புத்தகக் கடையும் நிறைந்தது. பக்கத்திலேயே மகாத்மா காந்தி சாலையும் மெட்ரோவும் இருக்கின்றன. அல்சூர் பஜாரில் அரிசி மண்டி, பாத்திரக் கடை, பூக்கடை, மாவு மில். வாங்குபவர் 25 கிலோ மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு மெட்ரோவுக்குப் போக மாட்டார். மேல்மாடிகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. பிரசவத்துக்குப் போகிறவருக்கும் டயாலிசிஸ் முடிந்து வருகிறவருக்கும் வாசல்வரை ஆட்டோ வேண்டும். காந்தி பஜாரில் வண்டியில்லாத தெரு என்ற யோசனையோடு தொடங்கிய மறுசீரமைப்பு வியாபாரிகளின் எதிர்ப்பைச் சந்தித்தது.

செய்வதானால் இப்படிச் செய்யலாம். காலை 6 முதல் 9 வரை சரக்கு இறக்க அனுமதி. மாலை 5 முதல் 9 வரை வண்டி கிடையாது, குடியிருப்போரின் வண்டிக்கும் நோயாளி ஏறிய ஆட்டோவுக்கும் விலக்கு. நடுவே தீயணைப்பு வண்டி நுழைய 4 மீட்டர் அகலம் எப்போதும் காலி. கடைக்காரர் சரக்கைப் பரப்பினாலும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தெரு முனைகளில் கழற்றும் கம்பங்கள், தரையோடு தரையாக மூடும் குழியுடன். இடையில் 1 முதல் 1.2 மீட்டர் இடைவெளி விட்டால் சக்கர நாற்காலி போகும், ஆட்டோ போகாது. ஸ்கூட்டர் போகும். அதைக் கம்பத்தால் தடுக்க முடியாது, ஒரு ஆள் நின்றால்தான் முடியும். அந்த ஆளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள். காவலர் வருவார் என்று நம்பி ஆரம்பித்தால் மூன்றாவது வாரம் அவர் வேறு பணிக்குப் போய்விடுவார், ஸ்கூட்டர்கள் உள்ளே வந்துவிடும்.

கம்பம் ஏன் கழற்றும்படி இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் தேர். சித்திரையில் சோமேசுவரர் உற்சவத்துக்குத் தேரும், அதையொட்டிப் பூப்பல்லக்குகளும் வருகிற ஊர் இது. தேர்ச் சக்கரம் திரும்பும் முனையில் நிலையான கம்பமோ, மேடாகக் கட்டிய பூந்தொட்டியோ, உயர்த்திய நடைபாதை மூக்கோ வந்துவிட்டால் அடுத்த உற்சவத்துக்கு முன் இடித்துவிடுவார்கள், இடிப்பதும் நியாயம். எந்த வரைபடத்திலும் முதலில் தேர் ஓடும் வழியையும் திரும்பும் வட்டத்தையும், அதற்கு மேலே செல்லும் கம்பிகளின் உயரத்தையும் குறித்துவிட்டுப் பிறகே மற்றக் கோடுகளைப் போட வேண்டும்.

தெருவோர வியாபாரிகளை விட்டுவிட்டுத் திட்டம் போடுவது தவறு மட்டுமில்லை, சட்டப்படியும் நிற்காது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அகற்ற முடியாது. நகர விற்பனைக் குழுவில் பத்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். பூ விற்கிற அம்மாவும் கீரைக்காரரும் இருப்பதால்தான் அந்தத் தெருவில் இரவு எட்டு மணிக்குப் பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள். அவர்களுக்கு நடைபாதையின் வெளிஓரத்தில், மரங்களுக்கும் மின்கம்பங்களுக்கும் ஒதுக்கும் வரிசையிலேயே, 1 மீட்டர் அகலத்தில் இடம் குறியுங்கள். நடக்கும் இடம் அதற்கு உட்புறம்.

மரபு நடைப்பாதையும் பலகைகளும்

சொல்வதற்கு அல்சூரில் விஷயம் ஏராளம். விஜயநகரக் காலப் பாணியில் எழுந்த சோமேசுவரர் கோயில். அதன் எதிரே மண் மூடிக் கிடந்து 2010-இல் வெளிப்பட்ட கல்யாணி. பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடரின் வழியினர் வெட்டியதாகச் சொல்லப்படும் ஏரி. 1800களின் தொடக்கத்தில் அமைந்த ராணுவக் குடியிருப்பு, அதோடு ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள். ஏரிக்கரையை ஒட்டிய மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் ராணுவப் பிரிவில் ‘தம்பிகள்’ என்று அழைக்கப்படும் வீரர்கள். அண்ணாசாமி முதலியார் சாலையில் தமிழ்ச் சங்கம். பக்கத்திலேயே தோம்லூரில் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள். அவற்றில் அந்த ஊருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்ற பெயர் வருகிறது.

ஆனால் நடக்க முடியாத தெருவில் பலகை வைப்பது, நடக்க முடிந்தவர்களுக்கு மட்டும் ஊரைக் காட்டுவதாகும். வழி சரியான பிறகு இதைச் செய்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

செய்யும்போது சில கட்டுப்பாடுகள். பலகைக்கென்று நடைபாதையில் கம்பம் நடக் கூடாது. மதில் சுவரில் 1.4 முதல் 1.6 மீட்டர் உயரத்தில் பொருத்தலாம். பழைய கல்லில் துளை போடவே கூடாது. புதுச் சுவர் கிடைக்காவிட்டால், கல்லின் இணைப்புச் சாந்தில் மட்டும், பிறகு சுண்ணாம்பால் அடைக்கும்படி. கோயில் கல்லை மணல் பீச்சிச் சுத்தம் செய்வதையும் பெயின்ட் பூசுவதையும் அனுமதிக்காதீர்கள்; போன மேற்பரப்பு திரும்ப வராது. கல்யாணியின் அடியில் கான்கிரீட் போட்டு ஆழ்குழாய்த் தண்ணீரை நிரப்புவது அழகாகத் தெரியும், ஆனால் ஊற்றுக்கண்ணை மூடிவிடும். படிக்கட்டின் மேல் சுற்றில் மழைநீர் வரும் வாய்க்காலைத் தேடி, வாயில் ஒரு வண்டல்தொட்டி கட்டி, கழிவுநீர் கலக்காமல் பார்ப்பதே சரியான வேலை. இதற்குக் கர்நாடக அறநிலையத் துறையான முஸ்ராய் துறையின் அனுமதி தேவை.

மொழி விஷயத்தில் நேராகப் பேசிவிடுவது நல்லது. ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் திரைக்குள் இருந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. இரண்டு பக்கமும் சேர்ந்து செய்ததால் அது நடந்தது. பலகையில் கன்னடம் முதலிலும் பெரிதாகவும் இருக்கட்டும். தமிழ்க் கல்வெட்டைப் பற்றிய பலகையில் கல்வெட்டு வரியைத் தமிழிலேயே கொடுத்து, கன்னடத்தில் பொருள் சொல்லலாம். கன்னடக் குடும்பங்களின் பெயர் இல்லாத விண்ணப்பத்தைக் கொடுக்கவே வேண்டாம். ஓர் ஊரின் கதையை ஒரு சாரார் மட்டும் கேட்டு வாங்கக் கூடாது.

சின்ன வேலைகள், ஒரே வழியில்

மெட்ரோ நிலையம் 2011 அக்டோபரில் திறந்ததிலிருந்து அல்சூருக்கு ஒரு தெளிவான நடை அச்சு இருக்கிறது: நிலையம், பஜார் தெரு, கோயில், ஏரிக்கரை. இந்த ஒரு வழியில் ஒரு பாட்டியும், கைவண்டியில் குழந்தையைத் தள்ளும் தாயும் ஓரிடத்தில்கூட வண்டிப் பாதையில் இறங்காமல் போக முடிய வேண்டும் என்பதுதான் இலக்கு. நகரம் முழுவதற்கும் நல்ல நடைபாதை கேட்டால் பதில் வராது. ஒரு வழிக்குக் கேட்டால் அதிகாரி தப்பிக்க முடியாது.

முதல் வேலை தணிக்கை. வழியை 50 மீட்டர் துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் தடையில்லாமல் நடக்கக் கிடைக்கும் மிகக் குறைந்த அகலத்தை நாடாவால் அளந்து, நாடா தெரியும்படி படம் எடுங்கள். இந்திய சாலைப் பேரவையின் வழிகாட்டி குடியிருப்புப் பகுதியில் 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் காலியாக இருக்க வேண்டும் என்கிறது, கடைத்தெருவில் 2.5 மீட்டர். ஓரக்கல் 150 மி.மீ.-க்கு மேல் உயரக் கூடாது. சராசரி அகலம் எழுதாதீர்கள். 3 மீட்டர் நடைபாதையின் நடுவில் மின்மாற்றி நின்றால் அதன் அகலம் பக்கத்தில் மிஞ்சும் 40 செ.மீ.தான். காலை எட்டரைக்கு ஒரு முறை, மாலை ஏழுக்கு ஒரு முறை, நல்ல மழை பெய்யும்போது ஒரு முறை நடங்கள். மழையில் எடுத்த படம் ஒன்று பத்துக் கடிதங்களுக்குச் சமம். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வாசலுக்குள் போகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

குறைகளை மூன்றாகப் பிரித்தால் வேலை எளிது: நகர்த்தக் கூடியவை, திருத்தக் கூடியவை, நகராதவை. கொட்டிக் கிடக்கும் கட்டட மண், பழுதான வண்டி, கடைப் பலகை எல்லாம் முதல் வகை. மின்மாற்றியும் பெரிய மரமும் மூன்றாவது வகை. அவற்றை நகர்த்தச் சொல்லி வருடக்கணக்கில் காத்திராமல், அந்த இடத்தில் நடைபாதையைச் சாலைப் பக்கம் புடைக்க வைக்கும்படி கேளுங்கள். ஒரு கார் நிறுத்தும் இடம் போகும், அவ்வளவுதான். மரத்தைச் சுற்றி 1.2 மீட்டர் சதுரத்துக்குச் சிமெண்ட் இல்லாமல் விட வேண்டும். வேரை நெரித்தால் அது கல்லைத் தூக்கும்.

நடுவகைதான் உயிர். இதில் நான்கு வேலைகள் முக்கியம்.

கால்வாய் மேல் மூடிய கற்பலகைகள். பெங்களூரில் பழைய நடைபாதை என்பதே மழைநீர்க் கால்வாயின் கூரைதான். வண்டல் எடுக்கப் பலகையைத் தூக்குகிறார்கள், திரும்ப வைக்கும்போது கீழே கல்லும் மண்ணும் சிக்கி அது ஆடுகிறது. ஆடும் கல்லில் கால் வைத்துத்தான் பலர் விழுகிறார்கள். பலகைகளை நிரந்தரமாகச் சாந்து வைத்துப் பதித்து, 5 முதல் 10 மீட்டருக்கு ஒரு இடத்தில் மட்டும் பிடியோடு திறக்கும் மூடி வைத்தால், வண்டல்காரர் அந்த மூடியைத் தவிர வேறெதையும் தொட மாட்டார். பலகை சாலைப் பக்கமாக 50-க்கு 1 என்ற சரிவில் இருக்க வேண்டும். அதற்கு மேல் சாய்ந்தால் சக்கர நாற்காலி இழுத்துக்கொண்டு போகும்.

தெரு முனைகள். 150 மி.மீ. உயர ஓரக்கல்லுக்கு 12-க்கு 1 என்ற சரிவு என்றால் சரிவின் நீளம் 1.8 மீட்டர். நடைபாதையே அவ்வளவு அகலம் இல்லாத முனைகளில், நடைபாதையை இறக்காமல் சாலையை உயர்த்திவிடுவது மேல். குறுக்குத் தெரு வாயிலில் மேடான கடவை போட்டால் நடப்பவர் சமமாகப் போவார், வண்டி வேகம் குறைத்து ஏறும். அதற்கு இரண்டு பக்கமும் மழைநீர் போக வழி வைக்காவிட்டால் அந்த மேடு அணையாகிவிடும். இங்கே பெரும்பாலும் நடக்கும் பிழை இதுதான். தெரு முனையின் வளைவை 3 அல்லது 4 மீட்டர் ஆரத்துக்குக் குறைத்தால் ஆட்டோ வேகமாகத் திரும்பாது. முதலில் பெயின்ட்டும் ரப்பர் கம்பமும் வைத்து ஒரு மாதம் பார்த்துவிட்டு, தேர் வட்டத்தோடும் ஒப்பிட்டு, பிறகு கல் பதிக்கலாம்.

வீட்டு வாயில் சரிவுகள். வண்டி ஏறுவதற்காக நடைபாதையை இறக்கக் கூடாது. நடைபாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும். சரிவு சாலையோர 45 முதல் 60 செ.மீ.-க்குள் முடிய வேண்டும்.

பெரிய சாலையைக் கடப்பது. 14 மீட்டர் அகலத்துக்கு விநாடிக்கு 1.2 மீட்டர் என்று கணக்கிட்டுச் சிக்னல் வைத்தால் 12 விநாடி கிடைக்கும். முதியவர் விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பார், அவருக்கு ஏறத்தாழ 18 விநாடி வேண்டும். இந்த ஆறு விநாடியைக் கேட்பதற்குச் செலவே இல்லை. மெட்ரோ தூண்களுக்கு நடுவிலுள்ள இடத்தில் வேலியைக் கொஞ்சம் திறந்து, 1.5 மீட்டர் அகலத்தில் நின்று இளைப்பாற ஒரு மேடை அமைத்தால் சாலையை இரண்டு பாதியாகக் கடக்கலாம். நடைமேம்பாலம் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். படியேற முடியாதவர் கீழேயே கடப்பார், ஆபத்து அப்படியே இருக்கும்.

இந்த யோசனையின் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும். திறப்பு விழா நடத்த இதில் ஒன்றுமில்லை, ஆகவே அரசியல் ஆர்வம் குறைவு. வேலை பல துறைகளில் சிதறிக் கிடக்கிறது: கற்பலகையும் கால்வாயும் மாநகராட்சி, மேன்ஹோல் மூடி குடிநீர் வடிகால் வாரியம், மின்கம்பம் மின்விநியோக நிறுவனமான பெஸ்காம், சிக்னல் காவல்துறை, நிலைய வாசல் மெட்ரோ நிறுவனம். 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி, பெருநகர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்த பிறகு, எந்த விண்ணப்பம் எந்த அலுவலகத்துக்கு என்று முதலில் உறுதிசெய்துகொள்வதும் ஒரு வேலை. ஒவ்வொரு குறைக்கும் எதிரே துறையின் பெயரை எழுதி, துறைவாரியாகத் தனித்தாளில் கொடுத்தால்தான் நகரும். மொத்தமாகக் கொடுத்தால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

எந்த வரிசை

அல்சூருக்கு எங்கள் பரிந்துரை: சின்ன வேலைகளை உடனே கேளுங்கள். அவை முடிந்து ஒரு மழைக்காலம் தாங்கிய பிறகு, பஜார் தெருவில் நான்கு வார இறுதிகள் வண்டித் தடையைச் சோதியுங்கள். சோதனைக்கு முன்னும் பின்னும் கடைக்காரர்களிடம் அன்றன்றைய பில் எண்ணிக்கையைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வியாபாரம் போயிற்று என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல எதுவும் இருக்காது. முழுக் கட்டுமானத்தைப் பழைய மெட்ராஸ் சாலைக்கு மட்டும் கேளுங்கள். தகவல் பலகைகள் கடைசி. ஆனால் மரபு ஆவணப் பணியை, அதாவது வீடுகளின் படம், வாசல் மட்டம், திண்ணை, தூண், சுண்ணாம்பு வேலை இவற்றைப் பதிவதை, இன்றே தொடங்க வேண்டும். இடித்த பிறகு அளக்க ஒன்றுமிருக்காது.

சிவாஜிநகரில் இதே வரிசை வராது. 1927-இல் கட்டிய ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றிக் கூட்டமே வண்டியைத் தடுத்துவிடுகிறது. செப்டம்பர் 8 மாதா திருவிழாவையொட்டி புனித மரியன்னை பேராலயத்தைச் சுற்றிய தெருக்கள் நடப்பவர்களால் நிறைந்துவிடுகின்றன. வண்டியில்லாமல் அந்த இடம் எப்படி இயங்கும் என்பது ஊருக்கே தெரியும். அங்கே வண்டித் தடையை முதலில் கேட்கலாம்.

நாட்காட்டியையும் கவனியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை, பிறகு ஆகஸ்ட் முதல் அக்டோபர்வரை கனமழை. சித்திரையில் தேர். ஆக, தெருவில் கை வைக்க நல்ல காலம் டிசம்பர் முதல் மார்ச்வரைதான். அந்த ஆண்டின் பராமரிப்பு நிதியிலேயே வேலை நடக்க வேண்டுமானால் தணிக்கையும் துறைவாரித் தாள்களும் அக்டோபருக்குள் தயாராக வேண்டும். அதற்கு முன், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போட்டு, இந்தத் தெருக்களில் கடைசியாக நடந்த வேலைகளின் பணி எண்ணையும் குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்தக் காலம் முடியாத வேலையாக இருந்தால் ஒப்பந்ததாரரே தன் செலவில் சரிசெய்யக் கடமைப்பட்டவர். புது நிதி தேவையில்லை.

வேலை முடிந்ததாகச் சொல்லும் நாளில் பொறியாளர் கையெழுத்துப் போடுவதற்கு முன் உடன் செல்லுங்கள். மட்டக்குழாயை எடுத்துப்போய் வாசல் மட்டங்களை மறுபடி அளந்து பாருங்கள். ஒவ்வொரு கற்பலகையின் நான்கு மூலையிலும் ஏறி நின்று ஆடுகிறதா என்று பாருங்கள். மேடான கடவைக்குப் பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றி, அது கால்வாய்க்குப் போகிறதா, யாருடைய வாசலுக்காவது போகிறதா என்று பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.